அம்மோனியா பூஜ்யம், ஆனாலும் ஹில்ஸ்ட்ரீம் லோச் சாவது ஏன்?

சென்னையிலிருந்து நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்றடித் தொட்டி. வைத்து ஐந்து வாரத்தில் நான்கு ஹில்ஸ்ட்ரீம் லோச், அதாவது மலையோடைக் கற்களில் ஒட்டி வாழும் தட்டையான சிறு மீன்கள், வாங்கி விட்டீர்கள். பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் மூன்று போய்விட்டன. சோதித்தால், மீன்கழிவிலிருந்து சேரும் நஞ்சுகளான அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், மற்ற மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. மிஞ்சியிருக்கும் ஒன்று எந்நேரமும் நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிறது. எங்கே தப்பு, மறுபடி வாங்கலாமா?

மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவசரம். கல்மேல் கிடக்க வேண்டிய மீன் நீர்மட்டத்தில் போய் ஒட்டியிருந்தால் அதற்கு மூச்சு போதவில்லை என்று பொருள். இன்று மாலைக்குள் தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். வலை இல்லாமல் திறந்து வைக்காதீர்கள், ஈரக் கண்ணாடியில் ஏறி வெளியே விழுந்துவிடும். ஃபில்டரின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். ஏர் பம்ப் இருந்தால் அதுவும் ஓடட்டும். மேலே எண்ணெய்ப் படலம்போல் மிதந்தால் செய்தித்தாளை விரித்து ஒற்றி எடுத்துவிடுங்கள், காற்று உள்ளே போகும் வாசலை அது அடைக்கிறது. மேசை விசிறி ஒன்றைச் சாய்த்து, காற்று தண்ணீர்ப் பரப்பில் படும்படி வையுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள். மளமளவென்று நான்கைந்து டிகிரி இறங்கி, மறுபடி ஏறுவது இந்த மீனுக்கு வெயிலைவிடக் கேடு.

இனி காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அம்மோனியா இருக்கிறது, நைட்ரைட் இருக்கிறது, டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கூட இருக்கிறது. தண்ணீரின் வெப்பம் எத்தனை டிகிரி என்பது மட்டும் இல்லை. சென்னையில், ஏ.சி. இல்லாத அறையில், மே மாதம் என்றால் 31, 32 இருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன்.

20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 8.3 ஆகும். 30 டிகிரியில் 7.5 தான். பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறையும் அதே நேரத்தில் செலவு இரட்டிக்கிறது. போதாததற்கு, இந்த எண்கள் நன்றாகக் கலங்கி ஓடும் நீருக்கானவை. அசைவில்லாத தொட்டியில், விடியற்காலையில், செடிகளும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்து முடித்த நேரத்தில், கீழே கல்லோரம் இருப்பது அதைவிடக் குறைவு. கப்பியும் கௌராமியும் அந்தத் தண்ணீரில் சமாளித்துவிடும். கௌராமி மேலே வந்து காற்றையே குடிக்கும். பாறையில் வெள்ளம் மோதி நுரைக்கும் இடத்தில் பிறந்த மீனுக்கு அந்த வித்தை தெரியாது. அம்மோனியா சோதனைக் குப்பிக்கும் இது தெரியாது. பூஜ்யம் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மீனின் உடலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பலர் இதைச் சக்கர் மீனின் தம்பி என்று நினைக்கிறார்கள். சக்கர் வாயால் உறிஞ்சிப் பிடிக்கிறது. இது வாயால் பிடிப்பதில்லை. மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் இரண்டு பக்கமும் விசிறிபோல் விரிந்து, பல வகைகளில் இடுப்புத் துடுப்புகள் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பின் அடிப்பக்கம் முழுவதும் ஒரே தட்டாகிவிடுகிறது. தட்டின் விளிம்பு கல்லோடு அழுந்திக்கொள்ளும். ஓடும் நீர் கல்லைத் தொடும் இடத்தில், மிக மெல்லிய ஓர் அடுக்கில், வேகம் குறைந்திருக்கும். தட்டையான உடம்போடு அந்த அடுக்குக்குள் படுத்துக்கொண்டு, தலைக்குமேல் ஓடும் வெள்ளத்தின் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு வாழ்வதற்கான வடிவம் இது.

இந்த மீன்களை ஆராய்ந்து வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர் சுந்தர் லால் ஹோரா. பிற்பாடு இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையின் இயக்குநராக இருந்தவர். மலையருவி உயிர்கள் வெள்ளத்தில் எப்படி நிலைக்கின்றன என்பதைப் பற்றி 1930-ல் எழுதினார். செவெல்லியா, போஃபோர்ஷியா என்று இன்று கடைகளில் புழங்கும் இரண்டு பேரினங்களுக்கும் 1932-ல் பெயர் வைத்தவர் அவர்தான். செவெல்லியா என்பது அதே துறையில் அவருக்கு முன் இயக்குநராக இருந்த சீமோர் செவெலின் பெயர். செவெல்லியா என்ற வியட்நாம் மீனைத் தொட்டியில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் பெயர் கல்கத்தாவில் பிறந்தது என்று தெரியும்!

உங்களிடம் இருந்தது எது என்று படம் இல்லாமல் சொல்ல முடியாது. உடம்பெங்கும் வெளிர்ச்சாம்பலில் கறுப்புக் கோடுகள் வலைபோல் ஓடினால் செவெல்லியா லினியோலாட்டா, மத்திய வியட்நாமின் மலை ஓடைகளைச் சேர்ந்தது. பழுப்பு உடம்பும் துடுப்போரத்தில் பொட்டுகளுமாக இருந்தால் தென்சீனத்தின் போஃபோர்ஷியாவாக இருக்கலாம். உருண்டையாக, கறுத்து, வெண்புள்ளிகளோடு இருந்தால் போர்னியோவின் காஸ்ட்ரோமைசான். கடையில் மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டு, ‘பட்டர்ஃபிளை பிளேக்கோ’, ‘ஹாங்காங் பிளேக்கோ’, ‘போர்னியோ சக்கர்’ என்று வாய்க்கு வந்த பெயரில் விற்பார்கள். எதுவானாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளரும். 20 முதல் 24 டிகிரிதான் இவற்றுக்கு இதமான வெப்பம். போஃபோர்ஷியா இன்னும் குளிர்ந்த நீரையும் ஏற்கும். ஓட்டம் பலமாக இருந்தால் 26 வரை தாங்குகின்றன. அதற்கு மேல் போனால் சில நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மூச்சுக்கு அடுத்த காரணம் பசி. என் கணிப்பில் உங்கள் மூன்றில் ஒன்றாவது பட்டினியால் செத்திருக்கும். இந்த மீன் பிடிபட்ட நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும்வரை பல வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்காது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, தட்டையாகவே இருக்கும் மீன் அல்லவா! கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள். வயிறு குழிந்து, துடுப்புத் தட்டு மட்டும் அகலமாகத் தெரிந்தால் பட்டினி. கடையிலேயே இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பாசி தின்னும் என்று கடையில் சொன்னது பாதி உண்மை. கல்மேல் படியும் வழுவழுப்பான படலத்தைத்தான் இது மேய்கிறது. பழுப்புப் பாசி, இளம்பச்சைப் பாசி, பாக்டீரியா, அவற்றுக்குள் வாழும் நுண்புழுக்கள், பூச்சிகளின் இளம்புழுக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படலம். கண்ணாடியில் கெட்டியாகப் பிடிக்கும் பச்சைப் புள்ளிப் பாசியை இது தொடாது. செடி ஓரத்துக் கறுந்தாடிப் பாசியையும் தொடாது. ஐந்து வாரத் தொட்டியில் படலம் இன்னும் சரியாகப் படிந்தே இருக்காது. அம்மோனியா அடங்கிவிட்டதால் தொட்டி தயார் என்று ஆகாது. கல் விளைந்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் ஓடிய தொட்டியில்தான் இந்த மீனை விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

கல்லை விளைவிப்பது மீனைவிட எளிது. மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் டப். தொட்டியிலிருந்து மாற்றிய பழைய தண்ணீரை அதில் ஊற்றி, உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுப்பான ஆற்றுக்கற்களைப் போட்டு, காலை வெயில் படும்படி வையுங்கள். கல்லைப் போடுமுன் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விடுங்கள், பொங்கினால் சுண்ணாம்புக்கல், அது வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் பச்சையும் பழுப்புமாகப் படலம் ஏறிவிடும். டப்பில் இரண்டு கப்பியை விடுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்ப்பீர்கள். விளைந்த கல்லைத் தொட்டியில் வைத்து, மேய்ந்து வெளுத்த கல்லை மாடிக்கு அனுப்புங்கள். வாரம் இரண்டு கல் என்று சுழற்றினாலே நான்கு மீனுக்குப் பெரும்பகுதி உணவு ஆயிற்று. புதுக்கல்லை வைத்த ஐந்தாவது நிமிடம் அதில் இரண்டு மீன் முட்டி மோதும். அதைப் பார்ப்பதற்காகவே நான் கல் மாற்றும் நாளுக்குக் காத்திருப்பேன்.

கல்லோடு கூடுதலாகவும் கொடுங்கள். கடையில் கிடைக்கும் வில்லை உணவு மூழ்கியதும் அதை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், மற்ற மீன் தின்றுவிடும். நான் செய்வது இது: கடல்பாசியை (அகர் அகர்) காய்ச்சி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஸ்பைருலினாப் பொடியும் அரைத்த இறாலும் கலந்து, ஒரு தட்டைக்கல்லின் மேல் மெல்லிசாகப் பூசி ஆறவிடுவது. இறுகியதும் கல்லோடு தொட்டிக்குள். மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். வாரம் இருமுறை உறைய வைத்த இரத்தப்புழுவோ டாஃப்னியாவோ கொடுங்கள். இலைதழை மட்டும் போதும் என்று நினைத்துச் சுரைக்காய்த் துண்டோடு நிறுத்திவிட்டவர்களின் மீன்கள் மெல்ல மெல்ல இளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஓட்டம். தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்குப் பத்து முதல் பதினைந்து மடங்கு நீர் சுழல வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றேகாலடி உயரத் தொட்டி என்றால் சுமார் 160 லிட்டர், ஆக மணிக்கு 1600 லிட்டராவது. ஃபில்டர் ஒன்றால் இது வராது, பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரை வேகமாகத் தள்ளும் சிறு பம்ப்) வேண்டும். அதைவிட முக்கியம், நீர் ஒரே திசையில் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் பம்ப் வைத்து எதிரெதிரே அடித்தால் அது கொந்தளிப்பு. ஒரு முனையில் ஸ்பாஞ்ச் மாட்டிய உறிஞ்சுவாய், அதிலிருந்து சரளைக்கு அடியில் ஒரு பி.வி.சி. குழாய், மறுமுனையில் அதே குழாயில் செருகிய பவர்ஹெட். கீழே குழாய்க்குள் ஒரு திசையில் போகும் நீர், மேலே தொட்டிக்குள் எதிர்த்திசையில் திரும்பி வரும். ஒரு பிளம்பிங் கடையில் வாங்கிய குழாயும் நான்கு எல்போவும் போதும். பவர்ஹெட்டுக்கு நேரே பெரிய கற்கள், தள்ளித் தள்ளிச் சிறிய கற்கள் என்று அடுக்கினால், கல்லுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த மறைவிடங்களும் கிடைக்கும். மீன் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய செடிகள் இரண்டையும் கல்லில் கட்டிவிடலாம். வெளிச்சம் நன்றாகவே இருக்கட்டும், பாசி வேண்டும் அல்லவா. கோடையில் மட்டும் விளக்கை மதியம் அணைத்துவிட்டு மாலையிலிருந்து எரியுங்கள்.

இவ்வளவையும் ஒரு மின்வெட்டு கெடுத்துவிடும். கோயம்புத்தூரில் என் வீட்டில், ஓர் ஏப்ரல் இரவு, நாங்கள் ஊரில் இல்லாதபோது நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. திரும்பி வந்தபோது ஐந்து செவெல்லியாவும் நீர்மட்டத்து ஓரத்தில் வரிசையாக, கண்ணாடியோடு ஒட்டியபடியே இறந்திருந்தன. மூச்சுக்காக எவ்வளவு தூரம் ஏற முடியுமோ அவ்வளவும் ஏறியிருக்கின்றன. அதே தொட்டியில் இருந்த ஜீப்ரா டானியோக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரிசை இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. மறுவாரமே பவர்ஹெட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால், கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் மாற்றும்போது நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. மாடியில் வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் டேங்க்கின் நீர் மதியத்தில் வெந்நீர். விடியற்காலையில், முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்த நீரை மட்டும் மாற்றுங்கள், வாரம் கால் பங்கு. மாநகராட்சிக் குழாய் நீரானால் குளோரின் நீக்கியும் கலக்க வேண்டும். போர்த் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருந்தால் ஆர்.ஓ. நீர் பாதி கலந்துகொள்ளுங்கள். விசிறி வைத்த தொட்டியில் நாள்தோறும் வற்றும் அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள், நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. வெண்புள்ளி நோய் வந்தால் 30 டிகிரிக்கு ஏற்றும் வழக்கமான வைத்தியம் இதற்கு ஆகாது, நோய்க்கு முன் மீன் போய்விடும். செம்பு கலந்த மருந்தும் லோச்சுகளுக்கு ஆகாது. புதிதாக வாங்கும் எதையும் மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துவிட்டு விடுவதுதான் சரியான வழி. வலையால் பிடிக்காதீர்கள், இழையில் ஒட்டிக்கொண்டு பிய்க்க வேண்டியதாகும். ஒரு டம்ளரைக் கண்ணாடியோடு வைத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் தள்ளினால் உள்ளே வந்துவிடும்.

துணைக்கு ஜீப்ரா டானியோ, ஒயிட் க்ளவுட், செர்ரி இறால் நல்லவை. குளிர்ந்த நீர்தானே என்று தங்கமீனோடு போடாதீர்கள், அதன் கழிவுக்கு இந்தத் தொட்டி தாங்காது. சக்கர் மீன் வேண்டவே வேண்டாம், கல்லை அதுவே வழித்துவிடும்.

ஒற்றையாகவும் வைக்காதீர்கள். நான்கைந்து சேர்ந்து இருக்கும்போதுதான் இந்த மீன் யாரென்று தெரியும். ஒரு கல்லுக்கு இரண்டு போட்டி போட்டால், கடிப்பதில்லை. ஒன்று மற்றதன் மேலேறித் துடுப்பை விரித்துப் போர்வைபோல் மூடும். கீழே இருப்பது உருவிக்கொண்டு வந்து மேலேறும். காயமே இல்லாமல் பத்து நிமிடம் நடக்கும் சண்டை. செவெல்லியாவில் ஆண் பெண்ணை மேலிருந்து பார்த்தே சொல்லலாம். ஆணுக்கு மூக்கிலிருந்து வரும் கோடு மார்புத் துடுப்பைச் சந்திக்கும் இடத்தில் தோள்போல் மடங்கும், துடுப்பின் முன்கதிர்களில் சொரசொரப்பு இருக்கும். பெண்ணுக்கு அந்தக் கோடு வளைவாக, மடங்காமல் ஓடும். நன்றாக நடக்கும் தொட்டியில் இவை சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். ஒருநாள் காலை, கல்லிடுக்கில் தூசி என்று நினைத்தது நகர்ந்தது. அரிசி அளவுகூட இல்லை, ஆனால் தட்டு வடிவம் அப்படியே இருந்தது. உறிஞ்சுவாயில் ஸ்பாஞ்ச் இருந்ததால் பிழைத்தது. அந்த வருடம் ஆறு குஞ்சுகள் வளர்ந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் மலையிலேயே இப்படி மீன் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பவானியா இருக்கிறது, நம் பவானி ஆற்றின் பெயரால் ஹோரா வைத்த பேரினம். பாலிட்டோரா இருக்கிறது, திருவாங்கூரின் பெயர் தாங்கிய டிராவன்கோரியா இருக்கிறது. இவற்றில் சில ஒன்றிரண்டு ஆற்றுப் படுகைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஓடையில் கல்லோடு கல்லாகக் கிடப்பதைக் குனிந்து பாருங்கள், பிடித்து வராதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். பையில் போட்டு மலையிறங்குவதற்குள் பாதி செத்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

மறுபடி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, விசிறியை ஓடவிட்டு, இரண்டு வாரம் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் குறித்து வாருங்கள். விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. கோவையின் வறண்ட மார்ச் காற்றில் எனக்கு மூன்று நான்கு டிகிரி இறங்கும். சென்னைக் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு இறங்காது. நீர் ஆவியாவதால் மட்டும் இறங்கக்கூடிய ஆகக் குறைந்த வெப்பத்தை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் அதற்குக் கீழே நீர் போகாது, மே மாதச் சென்னையில் அதுவே 26, 27-ஐத் தொடும். ஆகவே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவி வாங்க வேண்டும், அல்லது இரவும் பகலும் ஏ.சி. ஓடும் அறையில் தொட்டி இருக்க வேண்டும். சில்லரின் விலை தொட்டியையும் மீனையும் சேர்த்த விலையைவிடக் கூடுதல். இரண்டும் முடியாது என்றால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மிஞ்சியிருக்கும் ஒன்றையும், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், அதிகாலைப் பயணமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

லோச்சே வேண்டும் என்று மனம் கேட்டால் நம்மிடம் ஒன்று இருக்கிறது. அயிரை. மதுரைப் பக்கம் குழம்புக்காக உயிரோடு விற்கும் அதே அயிரைதான். அதுவும் லோச் இனமே. அதன் அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ என்று வருகிறது. திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து, பிரெஞ்சுக்காரரான வலன்சியென் 1846-ல் அந்தப் பெயரை வைத்தார். உங்கள் தொட்டியில் செத்துப்போனது செவெல்லியா லினியோலாட்டாவாக இருந்தால், அதை முதலில் விவரித்தவரும் அவரே, ஆண்டும் அதே 1846. அயிரை வெயிலுக்கு அஞ்சாது, காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் விழுங்கி, குடல் வழியாகவும் சுவாசித்துக்கொள்ளும். அதற்குப் பவர்ஹெட் வேண்டாம், சில்லர் வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு நைஸ் மணல் வேண்டும், கூராக இருக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குள்தான் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். எட்டுப் பத்து அயிரையாக விடுங்கள். மாலையில் விளக்கு மங்கியதும் மணல் ஒவ்வோர் இடமாக அசையத் தொடங்கும்.